நாற்பது சதவீத உப்பு

முப்பத்தொரு வயதில் நான் மறுபடியும் சதவீதக் கணக்கு போட உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளர். வெளிநாட்டில் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை படித்துவிட்டு வந்தவர். என்னைவிட ஆறு வயது சின்னவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் அப்போது ஒன்பது வருடமாக ஆவணங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் அவரைத் துறைமுகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், இது கப்பலின் முன்பக்கம், இது பின்பக்கம் என்று காட்டிக்கொடுத்தது நான்தான். இரண்டாவது வாரம் அவர் என் வேலையை மதிப்பிட்டு அறிக்கை எழுதினார். கப்பல் துறை பற்றிய பரந்த பார்வை எனக்குப் போதாது என்று அதில் இருந்தது.

முதலாளியிடம் போய் நின்றேன். அவரை அலுவலகம் முழுக்க அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

“ஏம்மா, ஒனக்கு வேலை தெரியும். அவருக்குப் படிப்பு இருக்கு. கப்பல் கம்பெனிக்காரன் படிப்பத்தானே கேக்கான்?” என்றார்.

நியாயமான பதில். அதனால்தான் அவ்வளவு எரிச்சல் வந்தது. அன்றைக்கே அந்த மேலாளர் படித்த அதே படிப்பு எங்கெங்கே இருக்கிறது என்று தேடினேன். ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு இடம் தருவதாகச் சொன்னது. நிபந்தனை இரண்டு. வயது முப்பத்திரண்டைத் தாண்டக்கூடாது. நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் நூற்று எழுபதில் நூற்று அறுபதுக்குக் குறையக்கூடாது. எனக்கு முப்பத்தொன்று முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதாவது மிச்சமிருந்த நான்கு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். தவறினால் ஆயுள் முழுக்கக் கப்பலின் முன்பக்கம் பின்பக்கம் காட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நான் கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். கணக்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

பயிற்சி வகுப்பு ஒரு மக்ரூன் கடையின் மாடியில் நடந்தது. கீழே முந்திரியும் சர்க்கரையும் வேகிற வாசனையில் மேலே நிகழ்தகவு நடக்கும். பாடம் நடத்திய சாருக்கு இருபத்தாறு வயது இருக்கும். அவரும் ஒரு காலத்தில் இந்தத் தேர்வை எழுதியவர்தான். என்ன மதிப்பெண் என்று கேட்டால் மட்டும் கீழே போய் டீ சொல்லிவிட்டு வருவார். அவருடைய முதல் உபதேசம், “கேள்வியப் படிக்காதீங்க மேடம். விடையப் படிங்க.” படிக்காமலே பாஸாக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் ஆசைப்பட்டோம். அதையே பாடமாக நடத்துகிறார்கள் என்று தெரிந்திருந்தால் அப்போதே சேர்ந்திருப்பேன்.

அந்தத் தேர்வில் ஒப்பிடும் கேள்வி என்று ஒரு வகை உண்டு. இரண்டு கட்டம் இருக்கும், இரண்டிலும் ஒவ்வொரு அளவு இருக்கும். விடைகள் எப்போதும் நான்குதான். முதல் கட்டம் பெரியது. இரண்டாவது கட்டம் பெரியது. இரண்டும் சமம். நான்காவது விடை: கொடுத்த தகவலைக் கொண்டு சொல்ல முடியாது.

இந்த நான்காவது விடையைப் பார்த்ததும் எனக்குச் சொந்த வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. ஒன்பது வருடமாக நான் சம்பளம் வாங்கியது அந்த ஒரு பதிலுக்குத்தான். கப்பல் எப்போது வரும் என்று கேட்டு ஒரு நாளைக்கு நாற்பது போன் வரும். ‘செவ்வாய்க்கிழமை’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. புதன்கிழமை காலையில் சரக்குக்காரர் வாசலில் வந்து நிற்பார். அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே அண்ணாச்சி சொல்லிக்கொடுத்துவிட்டார். “தேதி மட்டும் வாயில வரப்பிடாது. காத்து எப்படியோ, கொழும்புல என்ன நெரிசலோ, நமக்கு என்ன தெரியும்? இப்போதைக்குச் சொல்ல முடியாதுன்னு சொல்லு.” கப்பல் வெளித்துறையில் நங்கூரம் போட்டு நிற்பது ஜன்னல் வழியாகக் கண்ணுக்குத் தெரியும்போதே, இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று நான் சொல்லியிருக்கிறேன்.

முதல் மாதிரித் தேர்வில் இருபது ஒப்பிடும் கேள்விகள். பதினான்குக்கு நான்காவது விடையைப் போட்டிருந்தேன். அதில் ஒன்றில் முதல் கட்டத்தில் ஏழு, இரண்டாவது கட்டத்தில் ஐந்து என்று இருந்தது.

“ஏழு பெருசா அஞ்சு பெருசான்னு சொல்ல முடியாதா மேடம்?” என்று சார் கேட்டார்.

“எதுல ஏழுன்னு போடலியே சார்” என்றேன். ஏழு பெட்டியா, ஏழு டன்னா, யாருடைய தராசில் ஏழு? இதையெல்லாம் கேட்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க முடியாத தொழில் என்னுடையது. சார் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

மற்றக் கணக்குகளும் அப்படித்தான். ஆறு பேர் எட்டு நாளில் முடிக்கிற வேலையைப் பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? கப்பலின் அடித்தளத்தில் ஆறு பேர் இறங்கி மூட்டை தூக்குகிற இடத்தில் பன்னிரண்டு பேரை இறக்கினால், முதலில் சண்டைதான் முடியும். இரண்டு குழாய் சேர்ந்து ஒரு தொட்டியை எத்தனை மணி நேரத்தில் நிரப்பும்? எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். அந்த ஒரு குழாய்க்கே விடை தெரியாது. ஆனாலும் மெதுவாகக் கற்றுக்கொண்டேன். அந்தப் புத்தகத்தின் உலகத்தில் யாரும் டீ குடிக்கப் போவதில்லை, குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிறது, ரயில்கள் புறப்பட்ட நொடியிலிருந்தே ஒரே வேகத்தில் ஓடுகின்றன. வெளிநாட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்த நாட்டுப் பழக்கவழக்கத்தைத் தெரிந்துகொள்வது மாதிரி இதையும் தெரிந்துகொண்டேன். நான்காவது விடைகள் பதினான்கிலிருந்து ஐந்துக்கு வந்தன.

அப்புறம் உப்பு வந்தது.

நூறு கிலோ உப்புக் கரைசல். அதில் பத்து சதவீதம் உப்பு. எழுபத்தைந்து கிலோ தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. மிஞ்சிய கரைசலில் உப்பின் சதவீதம் முதல் கட்டம். முப்பது சதவீதம் என்பது இரண்டாவது கட்டம். எது பெரியது? பத்து கிலோ உப்பு, இருபத்தைந்து கிலோ கரைசல், ஆக நாற்பது சதவீதம். முதல் கட்டம் பெரியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கை ஒரு நிமிடத்துக்குள் போட்டுவிட்ட சந்தோஷத்தில், அதை அப்பாவிடம் காட்டினேன். அதுதான் நான் செய்த தவறு.

அப்பா வேம்பார் போகிற சாலையில் ஓர் உப்பளத்தில் முப்பது வருடமாக மேற்பார்வையாளர். பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு எத்தனை டிகிரி உப்பு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார். வீட்டில் அதை யாரும் தொடக்கூடாது. எங்கள் முன்னோர்கள் முத்துக் குளித்தவர்கள் என்று உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில் பெருமை பேசுவார்கள். முத்து மட்டும் யாரிடமும் கிடையாது. அப்பா அந்தப் பேச்சிலெல்லாம் கலந்துகொள்ள மாட்டார். அவருக்கு உப்பு போதும். மாதா கோவில் சாமியார் பிரசங்கத்தில் உப்பைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால், பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று அவருக்கு விளக்கம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

கணக்கைக் கேட்டார். “நாப்பதா?” என்றார்.

“ஆமாப்பா.”

“ஏளா, தண்ணியில உப்பு இருவத்தஞ்சுக்கு மேல ஏறாது. அதுக்கு மேல வத்துனா கீழ உக்காந்துரும். உக்காரலன்னா நாங்க எதத்தான் வாருதோம்? ரெண்டாவதுதான் பெரிசு.”

“புத்தகத்துல நாப்பதுன்னுதான் இருக்கு.”

“எழுதுனவன் பாத்தியில கால் வச்சிருக்கானா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஒதவாது.”

அத்தோடு விட்டிருப்பார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர் உப்பளத்துக்குப் போய், ஒரு கேன் நிறையப் பாத்தித் தண்ணீரோடு திரும்பி வந்தார். பத்து டிகிரி, அதாவது ஏறக்குறையப் பத்து சதவீத உப்பு, அளந்துதான் எடுத்தாராம். மீன் நிறுக்கிற தராசில் ஐந்து கிலோ நிறுத்து, அம்மாவின் பெரிய சட்டியில் ஊற்றி, குசினியில் அடுப்பைப் பற்றவைத்தார். அம்மா அங்கே கறிக்கு மசாலா அரைத்து வைத்திருந்தாள்.

“அப்பனும் மவளும் சேந்து எஞ்சட்டிய நாசமாக்கப் போறிய” என்றாள். கறி பக்கத்து வீட்டு அடுப்புக்குப் போனது.

சட்டியிலிருந்து ஆவி கிளம்பி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்தது. அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இரண்டு தடவை சட்டியோடு தூக்கி நிறுத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் வற்றிய பிறகு சட்டியின் அடியில் வெள்ளையாக மணல் மாதிரி விழ ஆரம்பித்தது. மிச்சத்தை வடிகட்டி உயரமான டம்ளரில் ஊற்றினார். நான் குழாயைப் போடப் போனபோது கையைத் தட்டிவிட்டார். சூட்டோடு பார்த்தால் குழாய் பொய் சொல்லுமாம். ஆறுகிறவரைக்கும் மூன்று பேரும் பசியோடு அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மிதக்கவிட்டார். இருபத்தைந்தைத் தாண்டி ஒரே ஒரு கோடு.

“எங்கன இருக்கு நாப்பது?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

நாற்பது எங்கேயும் இல்லை. அது சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதை அம்மா இரண்டு நாள் ஊறவைத்துச் சுரண்டினாள்.

திங்கட்கிழமை சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “உங்க அப்பா சொல்லுதது சரி மேடம். ஆனா உங்க அப்பா பேப்பர் திருத்தலையே” என்றார். “அத உப்புன்னு நினைக்காதீங்க. அது சும்மா பேருக்கு உப்பு.”

இதை அப்பாவிடம் வந்து சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். முப்பது வருடம் வெயிலில் நின்று கால் வெடித்து, கண் கூசிக் கூசி, அவர் சேர்த்து வைத்திருந்த ஒரே ஒரு அறிவு அது. அதைச் சும்மா பேருக்கு என்று மாடியில் உட்கார்ந்து ஒருவன் சொல்கிறான், மகள் அதை வீட்டுக்குக் கொண்டு வருகிறாள்.

“பரிச்சையில அந்தக் கணக்கு வந்தா ரெண்டாவது பெரிசுன்னுதான் போடணும். உப்புல சாப்பிடுத வீடு. நாமளே பொய் எழுதப்பிடாது. கேட்டியா?”

“சரிப்பா” என்றேன். இருபது கேள்வியில் அது வரப்போவதே இல்லை என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு.

தேர்வு மதுரையில். அம்மா முந்தின நாளே ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த உப்பை மடித்து என் பைக்குள் வைத்தாள். கணக்கு வராவிட்டால் ஒரு கல்லை நாக்கில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். தேர்வு மையத்தின் வாசலில் காவலாளி அதைப் பிரித்துப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“உப்பு.”

அவர் மோந்து பார்த்தார். இத்தனை வருட வேலையில் யாரும் உப்போடு வந்ததில்லை போலிருக்கிறது. “உப்பெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதும்மா. பெட்டியில வச்சுப் பூட்டிட்டுப் போங்க” என்றார். கைக்கடிகாரம், கழுத்தில் கிடந்த மாதா சுரூபம், உப்பு எல்லாவற்றையும் வெளியே பூட்டி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கணக்கில் முதல் பகுதி பரவாயில்லாமல் போனது. ஏழு எங்கே இருந்தாலும் ஐந்தைவிடப் பெரியது என்பதில் உறுதியாக இருந்தேன். இரண்டாவது பகுதியில் ஒன்பதாவது கேள்வி திரையில் வந்தது. இருநூறு கிலோ கரைசல், எட்டு சதவீதம் உப்பு, நூற்று அறுபது கிலோ தண்ணீர் ஆவியாகிறது. முதல் கட்டம், மிஞ்சிய கரைசலில் உப்பின் சதவீதம். இரண்டாவது கட்டம், முப்பது. அதே சனியன், வேறு சட்டை போட்டு வந்திருந்தது. பதினாறு கிலோ உப்பு, நாற்பது கிலோ கரைசல். மறுபடியும் நாற்பது சதவீதம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். முதல் கட்டம் பெரியது என்றார் சார். இரண்டாவது என்றார் அப்பா. இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் அண்ணாச்சி. இரண்டும் சமம் என்று சொல்லத்தான் எங்கள் ஊரில் ஆளில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று கடிகாரம் ஓடும்போது எவ்வளவு நினைப்பது? ஆனாலும் நினைத்தேன். ஆவி பிடித்த ஜன்னலும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற அப்பாவும் கண்ணுக்குள் வந்தார்கள். எனக்கு உண்மை தெரியும். இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற எல்லாரையும்விட, கேள்வியை எழுதியவரையும்விட, இந்த ஒரு கணக்கில் எனக்குத்தான் அதிகம் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே ‘முதல் கட்டம் பெரியது’ என்பதை அழுத்தினேன். அடுத்த கேள்வி ஒரு முக்கோணம். உப்பு நினைப்பிலேயே அதைத் தப்பாகப் போட்டேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஊர் திரும்பியபோது பேருந்து நிலையத்தில் அப்பா காத்துக்கொண்டிருந்தார். தேர்வு எப்படி என்று கேட்கவில்லை.

“உப்பு வந்துச்சா?”

“வந்துச்சுப்பா.”

“என்ன போட்ட?”

“ரெண்டாவது.”

அப்பா என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அப்படிச் செய்ததில்லை. மறுநாள் உப்பளம் முழுக்கச் செய்தி போய்விட்டது. “எம்மவ ஒரு மார்க்கு போனாலும் போவட்டும்னு உண்மையத்தான் எழுதுனா” என்று பாத்தி பாத்தியாகச் சொல்லியிருக்கிறார். கோவில் வாசலில் சாமியார் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் அப்பா வேறு யாரிடமோ அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. கணிதத்தில் நூற்று அறுபது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அலுவலகத்திலேயே அச்செடுத்து அண்ணாச்சியிடம் காட்டினேன். “நெசமாவே போயிருவியாம்மா?” என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில், இப்போதைக்குச் சொல்ல முடியாது அண்ணாச்சி என்றேன். புது மேலாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன், அம்மா அழுதாள். பிறகு அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காகிதத்தைக் கையில் வாங்கினார்.

அதில் இரண்டாவது பக்கம் ஒன்று இருப்பதை நான் கவனிக்கவில்லை. எந்த வகைக் கணக்கில் எத்தனை கேள்வி, எத்தனை சரி என்று அட்டவணை போட்டிருந்தார்கள். அப்பா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி விரலை வைத்துத்தான் படிப்பார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது. முக்கோணத்தில் தவறு ஒன்று. நிகழ்தகவில் தவறு இரண்டு. கலவைக் கணக்கு என்ற வரியில் விரல் நின்றது. கேள்வி ஒன்று. சரி ஒன்று.

விரலை எடுக்காமல், “இது அந்த உப்புதானே?” என்று கேட்டார்.

“ஆமாப்பா.”

“இது ஒண்ணு போயிருந்தா?”

“நூத்தி அம்பத்தொம்போது.”

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். காகிதத்தையும் மடிப்பு மாறாமல் மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அலமாரியிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஒரு தடவை பாத்தியைப் பார்த்துவிட்டு வருவதாக அம்மாவிடம் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பொழைச்சுக்கிடுவ” என்றார்.

எங்கள் ஊரில் பிள்ளைகளை வழியனுப்பும்போதும் இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். ஊரை ஏமாற்றுகிறவனைப் பார்த்தும் இதையேதான் சொல்வார்கள். அன்றைக்கு அப்பா எனக்குச் சொன்னது வாழ்த்தா, திட்டா? கடல் கடந்து வந்து, படிப்பை முடித்து, இன்றைக்கு என் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டம் இருக்கிறது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம். மழை, பாத்தி, அம்மாவின் முழங்கால் எல்லாம் பேசுவோம். இதை மட்டும் நான் கேட்டதில்லை. அவருடைய முகம், செருப்பை மாட்டிய கால், கையிலிருந்த பை, எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். கொடுத்த தகவலைக் கொண்டு சொல்ல முடியாது.